இயந்திரங் காக்கும் கல்வியின் வரலாறு



ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவருங்கால் நம் இல்லங்களில் நிகழ்வதொன்றுண்டு. மிக்க மதிப்பெண் பெற்ற பிள்ளையை மேல்வகுப்பிற் சேர்த்து மகிழ்கின்றோம். குறைந்த மதிப்பெண் பெற்ற பிள்ளையை, "இவனுக்கு ஐ.டி.ஐ.தான் வழி" என்று பெருமூச்செறிந்து தொழிற்பயிற்சி நிலையத்துக்கு அனுப்புகின்றோம். தொழிற்கல்வியென்பது ஏட்டுக்கல்வியில் தோல்வியுற்றார்க்கு வகுத்த புகலிடம் என்னும் எண்ணம் நம் உள்ளத்தில் அத்துணை ஆழமாக வேரூன்றியிருக்கின்றது. இவ்வெண்ணம் எங்ஙனம் பிறந்தது, இதற்கு வரலாறு சான்று பகர்கின்றதா என்பவற்றைத் தொழிற்சாலை இயந்திரங்களைப் பேணிப் பழுதுநீக்கும் தொழிலொன்றை எடுத்துக்கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழுது பார்த்தலும் அறிவும்

இயந்திரத்தைச் செய்தல் வேறு. அதனைக் காத்தல் வேறு. செய்வோன் தன்முன் இருக்கும் வரைபடத்தைப் பார்த்துச் செய்கின்றான். காப்போனுக்கோ அங்ஙனம் வழிகாட்டும் படமில்லை. ஓடிக்கொண்டிருந்த இயந்திரம் நின்றுவிட்டது. ஏன் நின்றதென்று அஃது வாய்திறந்து சொல்லாது. பேரிங் தேய்ந்ததோ, எண்ணெய் வற்றியதோ, பெல்ட் நழுவியதோ, மோட்டாரின் சுருள் கருகியதோ என ஒவ்வொன்றாக ஐயுற்று, ஆராய்ந்து, விலக்கி, உண்மைக் காரணத்தை அவன் துணிதல் வேண்டும். வள்ளுவனார் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த முறை, இவ்வியந்திர மருத்துவனுக்கும் சொல்லுக்குச் சொல் பொருந்துவதாகும். ஆதலின் இத்தொழில் கையால் முடிவதாயினும் கருத்தால் தொடங்குவதென்க.

இதற்கு வரலாறு தரும் முதற்சான்று மிகப் பெரியது. ஸ்காத்லாந்து நாட்டில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் கருவிகள் செய்துவந்த ஜேம்ஸ் வாட் என்பாரிடம், 1763-ஆம் ஆண்டு நியூகோமன் நீராவிப் பொறியின் சிற்றுரு ஒன்று பழுதுபார்க்கத் தரப்பட்டது. அதனைச் செப்பனிட்டும் அது சிறிது பொழுதே ஓடி நின்றது. வேறொருவராயின் அவ்வளவில் அமைந்திருப்பர். வாட் அமைந்திலர். உருளையை ஒவ்வொரு முறையும் சூடாக்கிப் பின் குளிர்விப்பதனால் நீராவியின் பெரும்பகுதி வீணாகின்றதென்று கண்டார். 1765-இல், நீராவியைத் தனிக்கலத்திற் குளிர்விக்கும் உபாயத்தைத் தெளிந்தார். உலகத்தை மாற்றிய நீராவிப் பொறி, பழுதுபார்க்கப் புகுந்தானொருவன் காரணத்தைத் தேடியதன் பயனாக வந்ததென்பது நம் இளைஞர் நினைவில் இருத்தற்குரியது.

குருவோடு வாழ்ந்து கற்ற காலம்

பள்ளிகள் தோன்றுமுன் இத்தொழிலை எவ்வாறு கற்றனர்? இங்கிலாந்தில் எலிசபெத்து அரசியார் காலத்தில், 1563-ஆம் ஆண்டு, ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி ஒரு கைத்தொழிலைச் செய்ய விரும்புவோன் ஏழாண்டேனும் ஓர் ஆசானிடம் பணிபுரிந்து பழகுதல் வேண்டும். அவ்வாறு பழகியவருள் ஆலைப்பொறி வினைஞர் தலைசிறந்தவராவர். நீர்ச்சக்கரமும் காற்றாலையும் அமைத்துப் பேணிய அவர், தச்சும் அறிவர், கொல்லும் அறிவர். கடைசலும் அறிவர், கணக்கும் அறிவர்.

அவ்வழி வந்தவருள் வில்லியம் ஃபேர்பேர்ன் என்பார் ஒருவர். இவர் 1804-ஆம் ஆண்டளவில் வட இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கமொன்றில் தொழில் பயிலச் சேர்ந்தார். பகலெல்லாம் பொறிகளோடு உழைத்து, மாலையிற் கணிதமும் வடிவியலும் தாமே கற்று, பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெரும் பொறியியலாளருள் ஒருவரானார். இவருடைய நண்பராகிய ஜார்ஜ் ஸ்டீவன்சனோ, பதினெட்டு வயது வரையில் எழுத்தறியாதவர். இரவுப்பள்ளியிற் சேர்ந்து எழுத்தும் எண்ணும் கற்றார். 1811-இல் கில்லிங்வொர்த்துச் சுரங்கத்தில் நீர் இறைக்க மாட்டாது கிடந்த பொறியொன்றைச் செப்பனிட்டு ஓட்டிக் காட்டினார்; அதன்பின் அச்சுரங்கத்துப் பொறிகளையெல்லாம் காக்கும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. புகைவண்டியின் வரலாற்றில் முன்னிற்கும் பெயரும் அவருடையதே.

இவ்விருவரும் பட்டறையோடு நின்றாரல்லர், ஏட்டையும் நாடினர். ஆனால் இருவருக்கும் அந்த ஏட்டைக் கொடுத்தது தொழிற்சாலையன்று. தம் உறக்கத்தைக் குறைத்து அவரே தேடிக்கொண்டனர். தேடமாட்டாத பிறர் யாதாயினர்? ஆலைகள் பெருகப் பெருக, பயிலவந்த சிறுவர் குறைந்த கூலிக்குக் கிடைக்கும் வேலையாளராயினர். ஒருவன் ஏழாண்டு இருந்தும் ஒரே வேலையைத் திரும்பத்திரும்பச் செய்து வெளிவந்தான். 1814-இல் அப்பழைய சட்டத்தின் பயிற்சி விதிகளும் நீக்கப்பட்டன. குருகுலம் சிதைந்தது, அதன் இடத்தை நிரப்பப் பள்ளி இன்னும் எழவில்லை.

மாஸ்கோவில் எழுந்த முறை

அவ்விடத்தை நிரப்பிய பெருமை, பெரும்பாலும் நாம் நினையாத ஒரு நாட்டுக்கு உரியது. உருசியாவின் மாஸ்கோ நகரில், பெற்றோரற்ற குழந்தைகளை வளர்த்த இல்லத்தைச் சார்ந்து, 1830-இல் ஒரு கைத்தொழிற் பள்ளி ஏற்படுத்தப்பட்டது. 1868-இல் அது பேரரசின் தொழில்நுட்பக் கல்லூரியாக உயர்த்தப்பெற்றது. அதன் தலைவராயிருந்த விக்டர் டெல்லா வாஸ் என்பாரும் அவர்க்குத் துணைநின்ற ஆசிரியரும் ஒரு வினாவை எழுப்பினர். பட்டறையில் வந்த வேலையை வந்தபடி செய்து பழகும் மாணவன், கற்கவேண்டியவற்றையெல்லாம் கற்பானென்பது என்ன உறுதி? இன்று எளிய வேலை வரலாம். நாளை அரிய வேலை வரலாம். மற்றொன்று வராமலே போகலாம்.

இதற்கு அவர் கண்ட விடை, தமிழ் கற்பிக்கும் எம்மனோர்க்கு எளிதில் விளங்குவது. நெடுங்கணக்குப் பயிற்றாமல் காவியம் பயிற்றுவார் எவருமிலர். எழுத்து, சொல், தொடர் என்னும் முறையிலன்றோ மொழி கற்பிக்கின்றோம்? அம்முறையையே அவர் தொழிலுக்கும் கொணர்ந்தார். தச்சு, கடைசல், அராவிப் பொருத்தும் ஃபிட்டர் வேலை, கொல்லுலை வேலை என ஒவ்வொன்றையும் அதன் எழுத்துகளாகப் பகுத்தார். அராவுதலில் முதற்கண் ஒரு தட்டையான பரப்பு. பின் அதற்குச் செங்கோணமான பரப்பு. பின் ஒன்றனுள் ஒன்று இடைவெளியின்றிப் பொருந்தும் இரு துண்டுகள் என்பதுபோல, எளியதிலிருந்து அரியதற்கு ஏறும் பயிற்சிகளை வரிசைப்படுத்தினார். ஒவ்வொரு தொழிலுக்கும் தனிப்பட்டறை. ஒவ்வொரு மாணவனுக்கும் தனி மேசை, தனிக் கருவிகள். ஒவ்வொரு பயிற்சிக்கும் வரைபடமுண்டு. ஒன்றைக் குறித்த அளவுப்படி முடித்தாலன்றி மற்றொன்றுக்குச் செல்லலாகாது. இவ்வரிசை முற்றிய பின்னரே, வெளியார் தந்த வேலைகளை உண்மையாகச் செய்யும் பெரிய பட்டறைக்குள் மாணவன் புகுந்தான்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. ஆதரவற்ற குழந்தைகளுக்கென்று தொடங்கிய அப்பள்ளி, தன் மாணவரின் நிலையை நோக்கிக் கல்வியைத் தாழ்த்தவில்லை. கல்வியை உயர்த்தி மாணவரின் நிலையை உயர்த்தியது. அதுவே இன்று பௌமன் பெயரால் வழங்கும் மாஸ்கோத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகும்.

அமெரிக்கா ஏற்றதும் பிரித்ததும்

இம்மாணவர் செய்த துண்டுகளும் வரைபடங்களும் 1873-இல் வியன்னாப் பொருட்காட்சியிலும், 1876-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாப் பொருட்காட்சியிலும் வைக்கப்பட்டன. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் தலைவர் ஜான் ரங்கிள் அவற்றைக் கண்டு வியந்து, அவ்வாண்டிலேயே தம் கழகத்தைச் சார்ந்து அம்முறைப் பள்ளியொன்று அமையச் செய்தார்.

செயின்ட் லூயி நகரில் கால்வின் உட்வர்டு என்னும் கணிதப் பேராசிரியர் வேறொரு வழியால் அம்முடிபுக்கே வந்திருந்தார். தம் பொறியியல் மாணவரை மரத்தால் மாதிரிகள் செய்யும்படி ஏவியபோது, கணிதத்தில் வல்லவரான அவர் கருவியைப் பிடிக்கவும் அறியாதிருத்தலைக் கண்டார். 1879-இல் நிறுவப்பெற்று 1880-இல் வகுப்புகள் தொடங்கிய அவருடைய கைவினைப் பயிற்சிப் பள்ளி, பதினான்கு வயது நிரம்பிய சிறுவரை மூன்றாண்டு பயிற்றியது. கணிதமும் அறிவியலும் மொழியும் ஒருபால். வரைபடமும் பட்டறையும் ஒருபால். உயர்நிலைப் பள்ளி வயதுச் சிறுவன் பாடத்தையும் பட்டறையையும் ஒருங்கே பயிலலாமென்பதை அப்பள்ளி மெய்ப்பித்தது.

அந்தோ! பிற்காலத்தார் அவ்வொருமையைக் காத்திலர். தொழிற்சாலைக்கு ஆள் தேவையென்னும் வேகம் மிகுந்தபோது, தொழிற்கல்வியைப் பொதுக்கல்வியினின்றும் பிரித்துத் தனியே நடத்தல் வேண்டுமென்று டேவிட் ஸ்னெடன் முதலியோர் வாதித்தனர். தத்துவப் பேராசிரியர் ஜான் டூயி 1915-இல் அதனை மறுத்தெழுதினார். தொழிலைப் பள்ளியிற் கற்பித்தலை அவர் வெறுத்தாரல்லர். சிறுவரை இளமையிலேயே இருவேறு இனமாகப் பிரித்து, ஒரு சாராரை இயந்திரத்துக்கு ஏற்ப வடிப்பதையே மறுத்தார். 1917-இல் ஸ்மித்–ஹியூஸ் சட்டத்தால் கூட்டரசின் பொருள் தொழிற்கல்விக்குக் கிடைத்தது. பட்டறைகள் பெருகின, நன்மை பல விளைந்தன. ஆயினும் நாளடைவிற் பல பள்ளிகளில் தொழிற்பிரிவென்பது பாடத்திற் பின்தங்கியோரை ஒதுக்குமிடமாயிற்று. டூயி அஞ்சியது பொய்யாகவில்லை.

செர்மனியில் பிணைத்த முடிச்சு

அறுந்த இழையைப் பிணைத்துக் காட்டியவர் மியூனிக் நகரத்துக் கல்வியதிகாரியாக 1895 முதல் 1919 வரை விளங்கிய கெயோர்க் கெர்ஷென்ஷ்டைனர் ஆவார். பதினான்கு வயதிற் பள்ளியை விட்டுத் தொழிலில் அமர்ந்த சிறுவர்க்கு அந்நாட்டில் தொடர்ச்சிப் பள்ளிகள் இருந்தன. அவை பழைய பாடத்தையே மீண்டும் ஒப்பிக்கச் செய்தமையால் சிறுவர் அவற்றை வெறுத்தனர். கெர்ஷென்ஷ்டைனர் 1900-ஆம் ஆண்டு முதலாக அவற்றைத் தொழில்வாரியாகத் திருத்தியமைத்தார். இயந்திர வினைஞனுக்கு ஒரு வகுப்பு, தச்சனுக்கு ஒரு வகுப்பு. கணக்கும் மொழியும் குடிமை ஒழுக்கமும் அவனவன் தொழிலையே வாயிலாகக் கொண்டு கற்பிக்கப்பட்டன.

வாரத்திற் சில நாள் தொழிற்சாலை, சில நாள் பள்ளி என்று இரண்டும் கைகோத்து நடக்கும் செர்மானிய முறை அவ்வழியே வளர்ந்தது. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுமைக்கும் ஒழுங்குபெற்றது. இயந்திரவியலும் மின்னணுவியலும் ஒன்றுபட்ட காலத்தில், இரண்டையும் ஒருங்கறிந்த வினைஞனுக்கென்று 1998-இல் மெக்கட்ரானிக்ஸ் என்னும் துறையில் மூன்றரை யாண்டுப் பயிற்சி அங்கு வகுக்கப்பட்டது. தொழில் மாறினால் பாடமும் உடனே மாறுதல் வேண்டுமென்பது அவர்தம் கொள்கை.

நம் நாட்டில் நிகழ்ந்தது

இனி, நம் நாட்டு வரலாற்றை நோக்குவோம். 1850-ஆம் ஆண்டில் இரண்டு நிகழ்ச்சிகள் உளவாயின. ஒன்று, மருத்துவராகிய அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையிற் கலைத்தொழிற் பள்ளி நிறுவியது. மற்றொன்று, அவ்வாண்டின் 19-ஆம் எண் சட்டமாகிய தொழிற்பயிலுநர் சட்டம். பொதுத் தருமத்தால் வளர்க்கப்படும் அனாதைச் சிறுவரையும் ஏழைச் சிறுவரையும் தொழில் பயிலச் சேர்ப்பதே அச்சட்டத்தின் முதன்மையான கருத்தாகும். கருத்து அறத்தின்பாற்பட்டதே. ஆனால் தொழில் என்பது வேறு கதியில்லார்க்கென்னும் எண்ணத்துக்கும் அஃது இடந்தந்தது. மாஸ்கோவிலும் தொடக்கம் அவ்வாறே. அவர் அங்கிருந்து ஏறினர். நாமோ அவ்வெண்ணத்தை ஒன்றே முக்கால் நூற்றாண்டாகச் சுமந்து நிற்கின்றோம்.

பொறியியற் பேராசிரியராய்ச் சென்னைக்கு வந்த ஆல்பிரட் சாட்டர்டன், 1898-இல் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி நடத்திக் காட்டினார். எண்ணெய் எஞ்சினால் நீரிறைத்தலையும் நம் உழவர்க்கு அறிமுகப்படுத்தினார். கற்பிக்குமிடமும் தொழில் நடக்குமிடமும் ஒன்றாயிருந்த நற்காலம் அது. அதற்கும் முட்டுக்கட்டை வந்தது. 1910-இல் இந்திய மந்திரியாகிய மார்லி பிரபு, அரசாங்கப் பணத்தைத் தொழிற்கல்விக்குச் செலவிடலாமேயன்றித் தொழில் நடத்துதற்குச் செலவிடலாகாதென்று ஆணையிட்டார். பள்ளி வேறு, தொழில் வேறென்ற கோடு அன்று அரசாணையாகவே கிழிக்கப்பட்டது.

கோடு கிழித்தாலும் இயந்திரங்கள் நில்லாமற் பெருகின. நாகப்பட்டினத்திலிருந்த தென்னிந்திய ரெயில்வேயின் பட்டறை 1928-இல் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைக்கு வந்தது. கோயமுத்தூரில் 1888 முதல் நூலாலைகள் எழுந்தன. 1932-இல் பைக்காரா மின்சாரம் பிறந்தபின் அவை விரைந்து பெருகின. ஆலைதோறும் பொறிகளைக் காக்கும் ஃபிட்டரும் மின்வினைஞரும் வேண்டப்பட்டனர். அந்நகரில் 1926-இலேயே பூ. சா. கோ. அறநிலையத்தார் தொழிற்பயிற்சிக் கூடமொன்றை அமைத்திருந்தமை, தேவையை முன்னறிந்தோர் நம்மிடையேயும் இருந்தனரென்பதற்குச் சான்றாகும்.

நாடு விடுதலை பெற்றபின் 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கிற்று. நாம் ஐ.டி.ஐ. என்று வழங்கும் நிலையங்கள் அதன் வழி வந்தவை. 1961-இல் புதிய தொழிற்பயிலுநர் சட்டம் இயற்றப்பட்டு, ஆலைகள் பயிலுநரைச் சேர்த்துக்கொள்ளும் கடமையுடையனவாயின. 1966-இல் கோத்தாரிக் குழுவினர் மேல்நிலைக் கல்வியிற் சரிபாதியைத் தொழில்வழிப்படுத்துமாறு பரிந்துரைத்தனர். 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் தோன்றியபோது தொழிற்பிரிவும் உடன் தோன்றிற்று. 1986-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக்கொள்கை, 1995-க்குள் மேல்நிலை மாணவருள் நூற்றுக்கு 25 பேர் தொழிற்பிரிவிற் பயிலல் வேண்டுமென்று குறித்தது. அவ்விலக்கு எய்தப்படவில்லை. சட்டமுண்டு, திட்டமுண்டு, கட்டடமும் உண்டு; பெற்றோர் மனம் மட்டும் 1850-இல் நின்றுவிட்டது.

இன்றைய தேவை

அற்றேல், இன்று என்ன கற்பித்தல் வேண்டுமெனின், கூறுதும். பழங்காலத்தில் இயந்திரம் பழுதுற்றபின் பார்ப்பதே வழக்கம். பழுதுறாமற் காத்தலே பெரிதென்னும் முறை ஜப்பானில் நன்கு வளர்ந்தது. அந்நாட்டு நிப்பான்டென்சோ ஆலையார், இயந்திரத்தை ஓட்டுவோனே அதனைத் துடைத்து, எண்ணெயிட்டு, நாளும் நோக்கிக் காக்கும் வழக்கத்தை ஏற்படுத்தி, 1971-இல் அதற்காகப் பரிசும் பெற்றனர். எளிய காவல் ஓட்டுவோனிடம் சென்றமையால், காவலையே தொழிலாகக் கொண்டவனுக்கு அரிய ஆராய்ச்சியே எஞ்சியது. அதிர்வை அளந்து பேரிங் தேய்வதை முன்னறிதல், மெகர் என்னும் கருவியால் மோட்டாரின் காப்பைச் சோதித்தல், எண்ணெயழுத்தத்தாலும் காற்றழுத்தத்தாலும் இயங்கும் உறுப்புகளின் படத்தைப் படித்தல், பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவியின் உள்ளீட்டையும் வெளியீட்டையும் பின்தொடர்ந்து செல்லுதல் இவையெல்லாம் அவன் கடமை. இயற்பியலும் கணிதமும் கசடறக் கல்லாதவன் இவற்றை எங்ஙனம் செய்வான்?

உயிர்க்காவலும் இதனுள் அடங்கும். ஓடும் இயந்திரத்தைத் துடைத்தற்கும் எண்ணெயிடுதற்கும் பதினெட்டு வயது நிரம்பாதாரை விடலாகாதென்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விலக்கியது. மின்னோட்டத்தைத் துண்டித்து, பூட்டிட்டு, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்ட பின்னரே இயந்திரத்தில் கைவைத்தல் வேண்டுமென்னும் ஒழுக்கம் ஆலையுட் புகுமுன் பள்ளியிலேயே பழக்கமாதல் வேண்டும். ஆலையிற் செய்யும் பிழைக்கு விலை கையாகவும் உயிராகவும் இருக்கக்கூடும்.

தமிழாசிரியராகிய யாம் ஒன்றை வற்புறுத்துவோம். காவல் தொழிலில் எழுத்துக்கும் பங்குண்டு. எந்நாளில், எவ்வுறுப்பில், என்ன பழுது கண்டது, எதனால் நேர்ந்தது, என்ன செய்யப்பட்டது என்பவற்றை ஐயத்துக்கிடமின்றிக் குறிப்பேட்டில் எழுதுபவனே அடுத்த முறைப்பணியில் வருவோனைக் காப்பாற்றுகின்றான். ஐந்து வரியில் தெளிவாக எழுதும் ஆற்றலை மொழிப்பாடமே தரும். ஆதலின் தொழிற்பிரிவு மாணவனுக்குத் தமிழ் எதற்கென்று கேட்பாரும், தமிழ்ப்பாடத்துக்குத் தொழில் எதற்கென்று கேட்பாரும் ஒருங்கே பிழைபட்டவராவர்.

தமிழ்நாட்டரசினர் 2022-இல் நான் முதல்வன் திட்டத்தைத் தொடங்கினர். பின்னர் 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய இயந்திரங்களோடு மேம்படுத்தும் பணியும் மேற்கொள்ளப்பட்டது. வாயில் திறந்திருக்கின்றது, புகுவோர் எத்தகையோர் என்பதே வினா.

நம் கடமை

இதுகாறுங் கூறியவற்றால் ஓருண்மை பெறப்படும். கையும், ஏடும், தொழிற்களமும் ஆகிய மூன்றும் சேர்ந்தவிடத்து இக்கல்வி ஓங்கியது. ஒன்று பிரிந்தவிடத்துத் தாழ்ந்தது. தாழ்ந்தவிடத்தில் அதனைத் தோற்றோர்க்குரியதென்று உலகம் கூறிற்று. ஆகவே இழிவு தொழிலில் இல்லை; அதனைப் பிரித்துவைத்த நம் ஏற்பாட்டிலேயே உள்ளது.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்கின்றோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை, ஆண்பெண் என்னும் வேற்றுமையின்றி, தேர்வு முடிவு வருமுன்னரே அருகிலுள்ள பயிற்சி நிலையத்துக்கு அழைத்துச் சென்று காட்டுக. விருப்பத்தாற் செல்பவன் வேறு, தள்ளப்பட்டுச் செல்பவன் வேறு. நம்மவருள் ரெயில்வேயிலும் ஆலையிலும் இயந்திரங் காத்து ஓய்வுபெற்றோர் உளராயின், ஆண்டுவிழாவில் அவரையும் மேடையேற்றி, அவர் அனுபவத்தை இளைஞர் கேட்கச் செய்க. சங்கத்தின் கல்வியுதவிநிதி கல்லூரி மாணவர்க்கு எவ்வளவோ, தொழிற்பயிற்சி மாணவர்க்கும் அவ்வளவே ஆகுக.

எழுத்தறியாது வந்து பொறி காத்த ஸ்டீவன்சன் எழுத்தைத் தேடிச் சென்றார். எழுத்தறிந்த நம் பிள்ளைகள் பொறியைத் தேடிச் செல்லுதல் அதனினும் எளிதன்றோ? பெற்றோர் சிந்திப்பாராக.